புல் வளரும் காலத்தில்தான் கோல்ஃப் திடலைத் திருத்த முடியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் வெளியான ஒரு கடிதம், ஆட்டத்துக்கு மிகவும் உகந்த மாதங்களில் கோல்ஃப் திடல்கள் மூடப்படுவதையும், நல்ல நிலையில் இருக்கும் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி ஆடும் பரப்புகளில், ஆயிரக்கணக்கான துளைகள் போடப்படுவதையும் கண்டித்திருந்தது. புல் செழித்து நிற்கும்போது அதைக் கிளறுவானேன், ஆட்டம் குறைந்த மாதங்களில் இந்த வேலைகளை முடித்துக்கொள்ளக் கூடாதா என்று அக்கடிதம் கேட்டிருந்தது. கட்டணம் செலுத்தி ஆட வருபவர் இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆயினும் புல்தரைப் பராமரிப்பில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் திடல்களை நடத்தும் நிர்வாகக் குழுக்களும் இதே கேள்வியைக் கேட்கின்றன, கேட்பதோடு நில்லாமல் ஆண்டின் வேலைத்திட்டத்தையும் அதன்படியே வகுத்துவிடுகின்றன. காயம் ஆறாத பருவத்தில் புல்லுக்குக் காயம் செய்வதில்தான் அது முடிகிறது.

கோல்ஃப் திடல்களில் வளர்க்கப்படும் புற்கள் இரு வகைப்படும். பென்ட்கிராஸ், ரைகிராஸ் முதலிய குளிர்பருவப் புற்களின் இலையும் தண்டும் 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளர்கின்றன; வேர்கள் அதைவிடச் சற்றுக் குளிர்ந்த மண்ணையே விரும்புகின்றன. கடுங்கோடையில் மண் சூடேறும்போது, இவ்வகைப் புல்லில் புது வேர் விடுவதைவிடப் பழைய வேர் மடிவதே விரைவாக நடக்கிறது. மேலே பச்சையாகத் தோன்றும் கிரீன், அடியில் சொற்ப வேரோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அறுகம்புல்லின் கலப்பினங்கள், சோய்சியா, கடலோரப் பாஸ்பாலம் ஆகிய வெப்பப்பருவப் புற்களோ 27 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் கொடியோடிப் படர்பவை. குளிர் மிகுந்தால் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிவிடுபவை. ஆகவே குளிர்பருவப் புல்லுக்கு இளவேனிலும் கோடை தணிந்த பிறகு வரும் வாரங்களும், வெப்பப்பருவப் புல்லுக்குக் கோடையின் முற்பகுதியும் நடுப்பகுதியுமே, வெட்டுப்பட்ட இடத்தைப் புல் தானாக மூடிக்கொள்ளும் காலங்கள். குளிர் என்பதே இல்லாத வெப்பமண்டலத் திடல்களிலும் ஆண்டு முழுவதும் ஒரே சீரான வளர்ச்சி இருப்பதில்லை. வாரக்கணக்கில் வெயிலை மறைக்கும் மழைமேகம் அங்கே குளிரின் வேலையைச் செய்கிறது. அறுகம்புல் முழு வெயிலில் வாழும் புல். ஒளி குறைந்தால் மெலிந்து, இடைவெளி விட்டு, பாசிக்கும் களைக்கும் இடம் கொடுத்துவிடும். ஆட்டக்காரர் விரும்பும் வானிலையும் புல் விரும்பும் வானிலையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுவதுதான் எங்கள் தொழிலின் தீராத சங்கடம்.

கிரீனில் புல் படும் பாட்டைச் சற்று விளக்க வேண்டும். தொடக்க இடத்துக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள ஆட்டப் பாதையான ஃபேர்வேயில் 10 முதல் 15 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படும் புல், கிரீனில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு, அதுவும் வளரும் காலம் முழுவதும் அநேகமாக நாள்தோறும் வெட்டப்படுகிறது. இலைதான் செடிக்கு உணவு சமைக்கும் உறுப்பு. அந்த இலையை இவ்வளவு குட்டையாக நறுக்கிவிட்டால் வேருக்குப் போய்ச் சேரும் உணவும் குறைந்து, வேரோட்டம் மேலேயே நின்றுவிடுகிறது. பதினெட்டுக் குழித் திடல் ஒன்று ஐம்பது அறுபது ஹெக்டேர் பரப்பில் அமைந்திருந்தாலும், கிரீன் ஒவ்வொன்றும் சுமார் 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பதினெட்டும் சேர்ந்து ஒரு ஹெக்டேரைக்கூட எட்டாது. ஆனால் பார் (திறமையான ஆட்டக்காரர் ஒரு சுற்றை முடிக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை) 72 என்ற கணக்கில் 36 அடிகள், அதாவது சரிபாதி, கிரீனில் ஆடப்படுவதாகவே கொள்ளப்படுகிறது. ஃபேர்வேயில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறி நடப்பவர்கள் அனைவரும் கிரீனில் வந்து கூடுகிறார்கள்; அங்கும் 108 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு குழியைச் சுற்றித்தான் எல்லாக் காலடிகளும் விழுகின்றன. குழியின் இடத்தை நாள்தோறும் மாற்றுவது ஆட்டத்தில் புதுமை வேண்டி மட்டும் செய்யப்படுவதன்று. மிதிபட்ட புல்லுக்கு இரண்டொரு வாரம் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதே அதில் பராமரிப்பாளரின் முதல் நோக்கம்.

இவ்வாறு மிதிபடும் மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் காற்று புகும் நுண்ணிய இடைவெளிகள் அழிகின்றன. நீர் மேலேயே தேங்கி, வேர் மூச்சுத் திணறுகிறது. இதனுடன், புல்லின் மடிந்த தண்டுகளும் வேர்களும் மட்குவதற்கு முன்பே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, தாட்ச் எனப்படும் ஓர் அடுக்காகத் தரையின் மேற்பகுதியில் படிகின்றன. இந்த அடுக்கு ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; மழை பெய்தால் சதசதக்கும், காய்ந்தால் நீரையே உள்ளே விடாமல் தள்ளும், பூஞ்சைகளுக்கு ஆண்டு முழுவதும் வீடாக இருக்கும். அதில் ஊன்றிய வேர் கீழே இறங்க மனமில்லாமல் அங்கேயே தங்கிவிடும். தாட்ச் மிகுந்த கிரீனில் அறுவை இயந்திரத்தின் சக்கரங்கள் அமிழ்ந்து, வெட்டுக்கத்தி புல்லைத் தரையோடு வழித்துவிடுவதையும் காணலாம். ஒரு பருவத்தில் தெரியாமல் சேரும் இந்த அடுக்கு மூன்று நான்கு ஆண்டுகளில் கிரீனையே பலிகொண்டுவிடும் என்பதால், அது சேரும் வேகத்துக்கு ஈடாக அதை அகற்றுவதும் மணலைக் கலந்து நீர்க்கச் செய்வதும் ஒவ்வொரு ஆண்டும் நடந்தாக வேண்டிய வேலைகளாகின்றன.

கடிதம் எழுதிய அன்பர் கண்டித்த துளைகள் இதற்காகத்தான் போடப்படுகின்றன. உள்ளீடற்ற உலோகக் குழல்கள் பொருத்திய இயந்திரம், 75 முதல் 100 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, சிறு மண்ணுருளைகளைப் பிடுங்கி வெளியே போடுகிறது. அவற்றை வாரி அகற்றிவிட்டு, காய்ந்த மணலைக் கொட்டித் துளைகளை நிரப்புகிறோம். இதன் கணக்கைப் பலர் அறிந்திருப்பதில்லை. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகளை 50 மில்லிமீட்டர் இடைவெளியில் போட்டால், மேற்பரப்பில் ஏறக்குறைய நாலரை விழுக்காடு அகற்றப்படுகிறது. ஆட்டத்துக்கு இடையூறு குறையட்டும் என்று குழலின் விட்டத்தை 6 மில்லிமீட்டராகக் குறைத்து அதே இடைவெளியில் போட்டால் அகற்றப்படுவது பாதியாகக் குறையும் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது நாலில் ஒரு பங்காக, ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அளவாகச் சுருங்கிவிடுகிறது. சிறு துளையால் யாருக்கும் தொல்லையில்லை என்று மகிழும் குழுவினர், அதே பயனைப் பெற அந்த வேலையை நான்கு முறை செய்ய வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பெரிய துளைகளை 100 மில்லிமீட்டர் ஆழம் வரை நிரப்ப, சதுர மீட்டருக்கு நாலரை லிட்டர் மணல் தேவைப்படும். பதினெட்டுக் கிரீன்களுக்குமாக அது 40 கன மீட்டர், எடையில் அறுபது டன்னுக்கும் மேல். இவ்வளவு மணலும் காய்ந்ததாக இருந்தால்தான் துளைக்குள் இறங்கும். ஈர மணல் வாயிலேயே அடைத்துக்கொண்டு உள்ளே வெற்றிடத்தை விட்டுவிடும். மழை ஓய்ந்த, வெயில் காயும் நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல் நன்கு வளரும் வாரங்களில் இந்தத் துளைகள் இரண்டு மூன்று வாரங்களில் மூடிவிடுகின்றன. வளர்ச்சி அடங்கிய பருவத்தில் போட்டால் அதே துளைகள் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும்; விளிம்புகள் காய்ந்து சரியும், களை விதைகள் வந்து விழுந்து முளைக்கும், புல்லுக்கென்று விட்ட இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். ஆட்டம் குறைந்த மாதங்களில் முடித்துக்கொள்ளலாமே என்ற யோசனை பொருந்தாமல் போவது இதனால்தான். பருவம் சரியாக இருந்தாலும் முன்னேற்பாடு வேண்டும். கிரீன்களில் புல்லின் உயர வளர்ச்சியைக் கட்டுப்படுத்த டிரைனெக்ஸபேக்-ஈத்தைல் போன்ற வளர்ச்சி ஒழுங்கிகள் தெளிக்கப்படுவது வழக்கம். அவை செடியில் வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்னும் ஹார்மோன் உருவாவதைத் தடுத்து வேலை செய்பவை. அவற்றின் பிடி தளர்வதற்கு முன்பே துளையிட்டுவிட்டால், ஒரு கையால் புல்லைக் கட்டிப்போட்டுவிட்டு மறு கையால் அதை எழுந்திருக்கச் சொல்கிறோம் என்றாகும். எனவே துளையிடும் நாளைக் கணக்கிட்டுத் தெளிப்பை முன்னதாகவே நிறுத்துவதும், தழைச்சத்தைச் சற்றுக் கூட்டிக் கொடுப்பதும், சில நாட்களுக்கு வெட்டும் உயரத்தை ஏற்றி வைப்பதும் தேவை. இவ்வளவும் செய்த திடலில் மூன்றாம் வாரம் ஆடுபவருக்குத் துளையிட்ட சுவடே தெரியாது. ஆகவே எங்களைப் பாராட்டி எவரும் கடிதம் எழுதுவதும் இல்லை.

துளையிடுவதை அடியோடு தவிர்க்க முடியாதா என்றால், ஓரளவு குறைக்க முடியும் என்பேன். வளரும் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இலைகளுக்கிடையே மறைந்துவிடும் அளவுக்கு மெல்லிய மணல் தூவிவந்தால், புதிதாகச் சேரும் தாட்ச் அப்போதைக்கப்போது மணலோடு கலந்து நீர்த்துவிடும். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலைப் பராமரித்த ஓல்ட் டாம் மோரிஸ், கிரீன்களுக்கு மணல் தூவும் பழக்கத்தைப் பரப்பியவராகப் போற்றப்படுகிறார். அங்குள்ள ஓல்டு கோர்ஸ் இன்றும் பெரும் போட்டிகள் நடக்கும் நாட்களைத் தவிர ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடப்பட்டிருக்கிறது. உலகெங்கிலுமிருந்து ஆட்டக்காரர்கள் வந்து காத்துக்கிடக்கும் திடல் வாரத்தில் ஒரு நாள் ஓய்வெடுக்கும்போது, மற்றத் திடல்களுக்கு அது கட்டுப்படியாகாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் திடல் கோடை முழுவதும் மூடப்படுகிறது. அதற்கு இருக்கும் செல்வ வளம் எல்லாருக்கும் வாய்க்காது என்பது உண்மைதான். ஆனாலும் மூடும் மாதங்களைத் தேர்ந்தெடுப்பதற்குச் செல்வம் தேவையில்லை.

இனிக் கிரீனின் வேகம் பற்றி. 1935-ஆம் ஆண்டு ஓக்மான்ட் திடலில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியைக் கண்ட எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர், பந்து கிரீனில் உருளும் தூரத்தை அளக்க, பள்ளம் வெட்டிய ஒரு எளிய சாய்வுக்கோலை உருவாக்கினார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்தியமைத்து 1978-இல் திடல்களுக்கு வழங்கியது. ஒரே திடலின் பதினெட்டுக் கிரீன்களும் ஒத்த வேகத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக வந்த அந்தக் கருவி, என் திடல் உன் திடலைவிட வேகமானது என்று பெருமை பேசுவதற்கான கருவியாக மாறிவிட்டது. 1970-களில் அச்சங்கம் அளந்தபோது சராசரி ஏறக்குறைய ஆறரை அடியாக இருந்த வேகம், இன்று சாதாரண உறுப்பினர்களே பத்தடிக்குக் குறைந்தால் முகம் சுளிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. வேகத்தைக் கூட்ட எளிதான வழி வெட்டும் உயரத்தைக் குறைப்பதும் தழைச்சத்தை நிறுத்துவதும்தான். இவ்விரண்டும் புல்லைப் பட்டினி போடும் வழிகள். தழைச்சத்துக் குறைந்த புல்லை, இரவெல்லாம் இலையில் பனி தங்கும் மிதமான வெப்ப நாட்களில், டாலர் ஸ்பாட் என்னும் பூஞ்சை நோய் முதலில் பற்றும். நாணய அளவில் தொடங்கும் வெளிறிய புள்ளிகள் ஒன்றோடொன்று கூடித் திட்டுத் திட்டாகப் பரவும். பிறகு பூஞ்சைக்கொல்லி தெளிக்க வேண்டும். அதையே திரும்பத் திரும்பத் தெளித்தால் பூஞ்சை அதற்குப் பழகிக்கொள்ளும். வேறொன்று வாங்க வேண்டும். அரை அடி வேகத்துக்காக இவ்வளவு மருந்தும் நிலத்தில் இறங்குகிறது என்பதை உறுப்பினர்களுக்கு யாரேனும் எடுத்துச் சொன்னால், அவர்களில் பெரும்பாலோர் அந்த அரை அடியை விட்டுக்கொடுக்கவே செய்வார்கள் என்று நம்புகிறேன்.

இதற்கு நல்ல மாற்று ஒன்றும் இருக்கிறது. எடை குறைந்த உருளை இயந்திரத்தைக் கிரீன்மேல் ஓட்டினால், வெட்டும் உயரத்தைக் குறைக்காமலேயே பந்து வேகமாக உருளும். உருளையால் மண் இறுகிவிடும் என்ற அச்சம் முன்பு பரவலாக இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள், வாரத்துக்கு மூன்று முறை அளவில் உருட்டுவதால் புல்லுக்குக் கேடில்லை என்பதோடு, அவ்வாறு உருட்டிய கிரீன்களில் டாலர் ஸ்பாட் குறைவதையும் காட்டின. ஆகவே ஒரு நாள் வெட்டும் மறுநாள் உருளையுமாக மாற்றி மாற்றிச் செய்து, உயரத்தை அரை மில்லிமீட்டர் கூட்டிக் கொடுத்தால், கோடையின் கடுமையைப் புல் தாங்கிவிடும். 3 மில்லிமீட்டரில் வாழும் செடிக்கு அரை மில்லிமீட்டர் என்பது ஆறில் ஒரு பங்கு கூடுதல் இலை. தழைச்சத்தையும் பேரளவில் ஒரே நாளில் கொட்டாமல், சதுர மீட்டருக்கு அரை கிராம் அளவில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை இலைவழியே தெளிப்பதுதான் நல்லது. திடீரென்று பொங்கி வளரும் புல் தாட்சையும் பெருக்கும், நோயையும் அழைக்கும்.

நீரைப் பற்றிப் பொதுமக்கள் கொண்டுள்ள கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது தவறான இடத்தை நோக்கிச் செல்கிறது. கோடை நாளில் ஆவியாதலாலும் இலைவழி நீர்ப்போக்காலும் புல்தரை இழப்பது 5 மில்லிமீட்டர் நீர் என்று கொள்வோம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். அந்தக் கணக்கில், முக்கால் பங்குக்கு மேல் மணலால் ஆன, எல்லாரும் கண்ணில் வைத்துப் பார்க்கும் கிரீன்கள் பதினெட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 45,000 லிட்டர் போதும். பத்து ஹெக்டேர் ஃபேர்வேக்கு ஐந்து லட்சம் லிட்டர் வேண்டும். அதற்கும் வெளியே பந்து எப்போதேனும் போய் விழும் ரஃப் பகுதியைப் பசுமையாக வைத்திருக்க அதைவிடப் பல மடங்கு வேண்டும். ஆகவே நீரைச் சேமிக்க விரும்பும் திடல், முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, புல்லே தேவையில்லாத இடம் எவ்வளவு என்பதைத்தான். வட கரோலைனாவில் டொனால்ட் ராஸ் வடிவமைத்த பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் திடலை 2010, 2011 ஆண்டுகளில் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் புதுப்பித்தபோது, ஏறக்குறைய 35 முதல் 40 ஏக்கர் வரையிலான ரஃப் புல்லை அகற்றிவிட்டு, அங்கே முன்பிருந்த மணலையும் இயற்கையாக வளரும் புதர்ப் புற்களையும் மீட்டெடுத்தார்கள்; தெளிப்பான்களின் எண்ணிக்கையையும் பாதிக்கு மேல் குறைத்தார்கள். விளிம்புகளில் பழுப்பேறிய அந்தத் திடலில்தான் 2014-இல் ஆடவர், மகளிர் அமெரிக்க ஓப்பன் போட்டிகள் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் நடந்தன. பந்து ஓடுவதற்குத் தேவையானது உலர்ந்து உறுதியான தரை. பச்சை நிறம் தொலைக்காட்சிக்கு வேண்டியது. போட்டிகள் முடிந்த அதே கோடையில், அங்குள்ள கிரீன்களின் பென்ட்கிராஸ் அகற்றப்பட்டு அறுகம்புல்லின் குட்டைக் கலப்பினம் நடப்பட்டது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. வெப்பப்பருவப் புல்லை நட வேண்டிய பருவம் அதுவே.

முழுப் புதுப்பிப்பு என்று வரும்போது பருவத்தின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். கிரீன் அமைப்பதற்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய பரிந்துரையின்படி, அடியில் வடிகுழாய்கள் பதித்து, அதன்மேல் 10 சென்டிமீட்டர் சரளைக்கல் அடுக்கும், அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவையும் இடப்படுகின்றன. நுண்ணிய மணலுக்கு அடியில் பருமனான சரளை இருப்பதால், மணல் தன்னால் தாங்க முடியும் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிஞ்சியதை மட்டும் கீழே விடுகிறது. மழையில் வடியவும் வெயிலில் ஈரம் காக்கவும் ஒரே அமைப்பு இரண்டு வேலையும் பார்க்கிறது. ஆனால் மணல் எதுவாக இருந்தாலும் சரி என்று விட்டுவிட்டால் இந்த ஏற்பாடு பாழ். கலவையில் குறைந்தது அறுபது விழுக்காடு, கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையிலான துகள்களாக இருக்க வேண்டும். அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும். ஒவ்வொரு முறை மணல் வந்து இறங்கும்போதும் அது முன்பு ஒப்புதல் பெற்ற மணல்தானா என்று மீண்டும் பார்க்க வேண்டும். கட்டுமானச் செலவைக் குறைக்க முனைபவர்கள் முதலில் கைவைப்பது இந்தச் சோதனையில்தான். பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டிய கிரீன் ஐந்தாம் ஆண்டிலேயே நீர் கட்டி நிற்பதைப் பார்த்தால், அவர்கள் மிச்சப்படுத்திய தொகை எவ்வளவு அற்பமானது என்பது விளங்கும்.

மணல் அடுக்கு அமைந்த பிறகு நடவு. அறுகம்புல்லின் உயர்தரக் கலப்பினங்கள் மலட்டுத்தன்மை உடையவை, விதை கொடுப்பதில்லை. எனவே நாற்றங்காலில் வளர்த்த கொடிகளைக் கரணைகளாக நறுக்கித் தூவி, மண்ணில் அழுத்தி, வேர் பிடிக்கும் வரை பகலில் பலமுறை சிறிது சிறிதாக நீர் தெளிக்க வேண்டும். கொடியோடித் தரையை மூடி, ஆட்டத்தைத் தாங்கும் பதத்துக்கு வர, நல்ல வெப்பமும் வெயிலும் உள்ள காலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். ஒப்பந்த வேலை ஒரு மாதம் தாமதமாகி, நடவு பருவத்தின் கடைசிக்குத் தள்ளிப்போனால், அந்த ஒரு மாதத் தாமதம் திறப்பு விழாவை அடுத்த ஆண்டு வளரும் காலம் வரை தள்ளிவிடும். வேறு மண்ணில் வளர்ந்து, வேரும் மண்ணுமாகப் பெயர்த்த புல்பத்தைகளைக் கொண்டுவந்து ஒட்டி விரைவாக முடித்துவிடலாமே என்று சொல்வோரும் உண்டு. பத்தையோடு வந்த களிமண் படலம் மணலின்மேல் ஒரு மூடியாகப் படிந்து, செலவழித்துச் செய்த வடிகால் முழுவதையும் பயனற்றதாக்கிவிடும். அவ்வாறு செய்தே தீர வேண்டுமென்றால், வேரிலுள்ள மண் கழுவிய பத்தைகளையோ, அதே மணலில் வளர்த்தவற்றையோதான் பயன்படுத்த வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்து புதிய கிரீன்களைக் கெடுப்பதில் முதலிடம் பெறுவது அவசரத் திறப்புத்தான். தொலைவிலிருந்து பார்க்கையில் பச்சையாகிவிட்ட தரை, அடியில் வேர் இறங்கியதும் ஆகாது, மிதியைத் தாங்கும் மெத்தை அமைந்ததும் ஆகாது. குறித்த தேதிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்பது புல்லுக்குத் தெரியாது.

மணற்பள்ளங்களான பங்கர்களைப் பற்றிச் சில சொற்கள் மட்டும். ஆட்டக்காரரைத் தண்டிப்பதற்கென்றே வெட்டப்பட்ட அவற்றை, ஃபேர்வேயைவிட அழகாக வைத்திருக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்களே கேட்பது விந்தைதான். செங்குத்தான சரிவுள்ள பங்கரில் ஒவ்வொரு பெருமழைக்கும் மணல் கீழே அடித்துவரப்பட்டு, சரிவின் மண்ணோடு கலந்து, வடிகுழாயை அடைத்துக்கொள்ளும். மணலை மாற்ற ஐந்து முதல் ஏழு ஆண்டுகளே கெடு. பந்தே போகாத இடங்களில் உள்ள பங்கர்களை மூடிப் புல்லாக்கிவிடுவதே பல திடல்களில் மலிவான, நிலையான புதுப்பிப்பாக இருக்கும். மரங்களும் அப்படித்தான்: கிரீனுக்குக் கிழக்கே நிற்கும் மரம் காலை வெயிலை மறைத்து, பனி உலர்வதைத் தாமதப்படுத்தி, நோய்க்கு வழிசெய்கிறது. மரத்தை வெட்டச் சொல்பவனை யாரும் விரும்புவதில்லை. ஆயினும் நிழலில் உள்ள ஒரு கிரீனுக்கு ஆண்டுதோறும் தெளிக்கும் மருந்தின் கணக்கைப் பார்த்த பிறகு, கிளைகளையாவது கழிக்கலாம் என்று குழுவினர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆட்டக்காரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. உயரத்திலிருந்து வந்து விழும் பந்து கிரீனில் ஏற்படுத்தும் குழிவை உடனே சரிசெய்தால் சில நாட்களில் ஆறிவிடும். விட்டுவிட்டால் வாரக்கணக்கில் வடுவாகக் கிடக்கும். சரிசெய்யும்போது பள்ளத்தின் நடுவை நெம்பித் தூக்கக் கூடாது. தூக்கினால் வேர் அறுந்துவிடும். சுற்றிலுமுள்ள விளிம்பை நடுநோக்கித் தள்ளி, மட்டையால் மெல்லத் தட்டிவிட்டால் போதும். மழைக்குப் பிறகு வண்டிகளைப் பாதையைவிட்டு இறக்க வேண்டாம் என்று அறிவிப்பு வைத்தால், அது தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று கொள்ள வேண்டும்.

நிர்வாகக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இது. துளையிடும் வாரங்களையும், புதுப்பிப்புக்காகக் குழிகள் மூடப்படும் காலத்தையும் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, போட்டிகளுக்கான தேதிகளை அதன் பிறகு ஒதுக்குங்கள். அந்தத் தேதிகளைப் பராமரிப்புக் கண்காணிப்பாளரைக் கேட்டுக் குறியுங்கள். குறித்தபின் எந்த உறுப்பினரின் தொலைபேசி அழைப்புக்காகவும் மாற்றாதீர்கள். பதினெட்டையும் ஒரே நேரத்தில் மூட முடியாத திடல்கள் ஒன்பது ஒன்பதாகப் பிரித்துச் செய்யலாம்; தற்காலிகக் கிரீன் அமைப்பதாக இருந்தால், அதற்குரிய ஃபேர்வேப் பகுதியைப் பல வாரங்களுக்கு முன்பே படிப்படியாகக் குறைத்து வெட்டிப் பழக்க வேண்டும், முதல் நாள் மாலையில் கோடு போட்டுக் கொடுப்பது பயன்படாது. கிரீன்கள் மணலாக இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் முழுக் கட்டணம் வாங்குவது முறையன்று என்ற அக்கடிதத்தின் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கட்டணத்தைக் குறையுங்கள், காரணத்தை நுழைவாயிலிலேயே எழுதி வையுங்கள், துளை மூடும் நாள் எதுவென்றும் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புல்தரைப் பராமரிப்பில் பணியாற்றிய ஒரு வாசகன்